பெரட்டில் நின்ற கார்

கார் ஓடினால் சூடு வரும், நின்றால் குளிர்காற்று வரும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரில் இருந்த கோளாறு அவ்வளவுதான். அந்தக் கோளாறுதான் பத்துமலையைக் கொன்றது என்று கூலிகள் குடியிருந்த லயம் முழுவதற்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னவள் அவன் அக்காள் நல்லம்மாள் ஒருத்திதான்.

மலாயாவில் பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் அது. வெள்ளத்தில் போன பாலங்களைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொண்டது. ஈப்போவை அடுத்த லகாட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது தோட்டம். சாலைக்கு இந்தப் பக்கம் ஈயம் தோண்டிய குட்டைகள், அந்தப் பக்கம் ரப்பர்ப் பால்மரம். மழை மாதங்களில் விடிகாலைப் பனி மரத்தடியை விட்டு நகராது. கிழிந்த சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்குப் பல்லோடு பல் அடித்துக்கொள்ளும்.

துரைக்கும் அடித்துக்கொண்டது. மலைக்காய்ச்சல் அவர் எலும்பிலும் ஏறியிருந்தது. அதற்குத்தான் அந்தக் கார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு சுரங்கத் துரையிடம் வாங்கியது. பனிக்கட்டி விழும் நாட்டில் ஓடுவதற்காகச் செய்த வண்டி. எஞ்சின் சூட்டைத் தகரக் கூட்டில் பிடித்து ஒரு குழாய் வழியாகப் பின் இருக்கையின் காலடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஈப்போ வெயிலுக்குக் காரில் அடுப்பு வைத்திருக்கிறான் பார் என்று முதலில் லயத்தில் சிரித்தார்கள். மழை பிடித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

விடியுமுன் பெரட்டு. வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி ஆளைச் சரிபார்ப்பார், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார், துரை வந்து பார்த்துக் கையைக் காட்டிய பிறகுதான் வரிசை கலையும். மழை நாளில் மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் பட்டையோடு வழிந்து வீணாகும். மழை விடுமா விடாதா என்று பார்த்து, வெட்டுக்கா, புல்லுக்கா, வீட்டுக்கா என்று துரைதான் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை வரிசை நிற்கும். கிராணி நிற்கும் இடத்துக்கு மட்டும் கூரை உண்டு.

துரை முன்பெல்லாம் குடையோடு வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கார் வந்த பிறகு காருக்குள் இருந்தே மழையைப் பார்த்தார். பக்கத் திரைகளை எல்லாம் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் நின்ற கொஞ்ச நேரத்தில் காலடியில் குளிர்காற்று வரத் தொடங்கும். உடனே டிரைவர் சீனியின் தோளைத் தட்டுவார். கார் பாலம் வரைக்கும் போய்ச் சூடேற்றிக்கொண்டு திரும்பி வரும். நிற்கும், குளிரும், மறுபடி போகும். வரிசை மழையில் நின்றபடி அந்தக் காரின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பத்துமலைக்கு மீசை இப்போதுதான் அடர்ந்திருந்தது. அந்த வருஷம் கப்பலேறி வந்தவன். காய்ச்சலோடுதான் பெரட்டுக்கு வந்தான். கங்காணி இராமசாமியிடம் போய்ச் சொன்னான். கங்காணி அவன் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், நடிக்காதே, நில்லு என்றார். அன்றைக்குத் துரை பாலத்துக்குப் பல தடவை போய்வந்தார். கடைசித் தடவை கார் திரும்பி வரும்போது பத்துமலை சேற்றில் விழுந்து கிடந்தான். சீனி வண்டியை ஒடித்து அவனைச் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்தினான். துரை திரையை விலக்கி என்ன என்று கேட்டதற்கு, நடிப்பு துரையே, காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை, எழுந்துவிடுவான் என்றார் கங்காணி. அவன் எழுந்திருக்கவில்லை. தோட்டத்து ஆசுபத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரெசர் கொடுத்த கசப்பு மருந்து வாயிலிருந்து வழிந்துபோயிற்று. சளி நெஞ்சைக் கட்டி, மூச்சு வாங்கி வாங்கி, இரண்டு ராத்திரி தாண்டவில்லை.

நல்லம்மாள் ஒப்பாரி வைக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வாளியும் கத்தியுமாகப் பெரட்டுக்குப் போனாள். கங்காணிகூட, ஒரு நாள் இருந்துவிட்டு வாயேன் என்றாராம். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். அதற்குப் பிறகு கங்காணி அவள் நிற்கும் வரிசைக்குப் போகாமல் மகனை அனுப்பி ஆள் எண்ணினார்.

அவள் புருஷன் சன்னாசி ஸ்டோரில் எஞ்சின் ஓட்டுகிறவன். ரப்பர்த் தகடு பிழியும் மிஷின்களுக்கு அந்த எஞ்சின்தான் உயிர். அதனால் அவன் பெரட்டில் நிற்க வேண்டியதில்லை. மச்சினன் விழுந்தபோதும் அவன் எஞ்சின் பக்கத்தில் கதகதப்பாக நின்றிருந்தான். நல்லம்மாள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெரிய கிராணி பஞ்சலிங்கம் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கூலிகளை அடிக்கவும் மாட்டார், ஆதரிக்கவும் மாட்டார்.

“நாளைக்கு வெள்ளெனச் சீனியோடை ஈப்போவுக்குப் போ. அந்தச் சூட்டுப் பெட்டி ஏன் நிக்கேக்கை குளிருது எண்டு பட்டறைக்காரனைக் கொண்டு பார்ப்பி. நீ பக்கத்திலை நிண்டு வேலையைப் பழகிக்கொண்டு வா. இனிமேல் பிழைச்சால் நீதான் பார்க்கவேணும் எண்டு துரை சொல்லிப்போட்டார்.”

சன்னாசி சரிங்க என்றான்.

“உன்ரை மச்சான் விஷயம் எனக்கும் மனவருத்தம்தான்,” என்று கிராணி பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆனால் அதையும் இதையும் சேர்க்காதை.”

ஈப்போவில் ஆற்றோரமாக இருந்தது அந்தப் பட்டறை. ஆ லோக் என்ற சீனன் நடத்தியது. மேலே சட்டையில்லாமல், வாயில் சுருட்டுப் புகைய, காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். சீனி துரைக்குச் சாராயப் பெட்டி வாங்கப் போய்விட்டான். ஆ லோக் சொன்னபடி சன்னாசி பின் இருக்கையில் உட்கார்ந்து காலடிக் கம்பிமேல் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டான். எஞ்சினை உறுமவிட்டபோது காகிதம் படபடத்தது, சூடும் வந்தது. எஞ்சினைத் தணித்தபோது காகிதம் தொங்கிவிட்டது. வந்த கொஞ்சக் காற்றும் சில்லென்றிருந்தது.

ஆ லோக் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் இருந்த விசிறியைக் காட்டினான். அது சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுழற்றும் தோல்வாரைக் கட்டைவிரலால் அமுக்கினான். பழைய கயிற்றுக்கட்டில் மாதிரி உள்ளே போயிற்று. கார் ஓடும்போது எதிர்க்காற்றே தகரக் கூட்டுக்குள் புகுந்து சூட்டைத் தள்ளிவிடும், நிற்கும்போது விசிறி ஒன்றுதான் தள்ள வேண்டும், வார் தொய்ந்தால் தள்ளாது என்று மலாயும் கைஜாடையுமாகச் சொன்னான். பிறகு சுருட்டைத் தகரக் கூட்டின் பக்கவாட்டில் கொண்டுபோனான். புகை, தகடுகள் சேரும் மூட்டு வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. ஆணி தளர்ந்து மூட்டு வாய் பிளந்திருந்தது. வெளிக் குளிர்காற்று அந்த வழியாகக் கலந்துகொண்டிருந்தது.

இரண்டையும் சரிசெய்யச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று. சன்னாசி தகரத்தைப் பிடித்துக்கொள்ள ஆ லோக் ஆணி அடித்து மடித்தான். புது வார் போட்டு இழுத்துக் கட்டினான். எஞ்சின் தணிந்து ஓடும்போதே காகிதம் படபடத்தது. காலடியில் கோழிக்குஞ்சு பொரிக்கிற மாதிரி இதமான சூடு. சன்னாசிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. வேலை சரியாக முடிந்தால் வருகிற சிரிப்பு. யாருக்காக இந்தச் சூடு என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

மூடியைச் சாத்தப்போன ஆ லோக் நிறுத்தினான். எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. நகத்தால் சுரண்டினான். அங்கே இருக்க வேண்டிய வளையம் கருகிப் பொடிந்து வந்தது.

“இனி லாயின். இனி பாஹாயா,” என்றான். இது வேறு விஷயம், இதுதான் ஆபத்து. எஞ்சின் விடும் புகை இந்த இடத்தில் கசிந்து தகரக் கூட்டுக்குள் போகும். இத்தனை நாள் கூட்டில் ஓட்டை, விசிறியில் பலமில்லை, அதனால் தெரியவில்லை. இப்போது எல்லாம் இறுக்கமாகிவிட்டது. புகை நேராகக் காலடிக்குப் போய்விடும். நாற்றம் பெரிதாகத் தெரியாது. அவன் கன்னத்தில் கையை வைத்துத் தூங்குவதுபோலக் காட்டினான். “ஓராங் தீடோர். தீடோர் தெருஸ்.” ஆள் தூங்குவான். தூங்கியேபோவான். கோலாலம்பூரில் அப்படிப் போன ஒருவனைத் தனக்குத் தெரியும் என்றான். வளையம் பினாங்கிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் சூட்டுக் குழாயை மூடியே வைக்கச் சொல்லு, திரையைத் திறந்தே வைக்கச் சொல்லு என்று இரண்டு தடவை சொல்லி, சன்னாசி தலையாட்டிய பிறகுதான் விட்டான்.

சீனி சாராயப் பெட்டியோடு வந்து, என்ன மச்சான், சரியாயிருச்சா என்று கேட்டான். சன்னாசி உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். வழியெல்லாம் சீனி பின்னாலிருந்து வந்த சூட்டை மெச்சிக்கொண்டே வந்தான். துரைக்கு இனிமேல் பாலத்துக்கும் பெரட்டுக்கும் அலைய வேண்டாம், எனக்கும் வேலை மிச்சம் என்றான். சன்னாசி திரைப் பொத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான். வெக்கையாக இருக்கிறதா என்று சீனி கேட்டான்.

ஆபீஸ் வாசலில் கிராணி நின்றுகொண்டிருந்தார். “சரிவந்திட்டுதோ?”

“வந்துருச்சுங்க.”

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவன் திட்டமிட்டு வரவில்லை. வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு திருத்தவும் இல்லை.

நல்லம்மாள் மரவள்ளிக் கிழங்கு அவித்து, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மழை தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அடுத்த வீட்டுப் பேச்சு கேட்கவில்லை. சன்னாசி தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். காகிதம் படபடத்ததையும் சொன்னான், கருகிய வளையத்தையும் சொன்னான். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“பொகை கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாதாம்.”

“நாத்தம்?”

“பெருசா இருக்காதாம்.”

“கிராணிகிட்டச் சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாதீங்க.”

அவள் இன்னும் இரண்டு துண்டு கிழங்கை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். தம்பி போன பிறகு அவள் அவனுக்குக் கேட்காமல் எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

“சீனியும் உள்ளதான் உக்காந்திருப்பான்,” என்றான் சன்னாசி.

“உக்காரட்டும்.”

“அவன் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுறவன், நல்லம்மா. அவன் பொண்டாட்டி வீரம்மா கைக்கொழந்தக்காரி. காரியத்தன்னிக்கு நம்ம வீட்டுக்கு ஒலை வச்சது அவதான்.”

“வச்சா. நான் இல்லேங்கல. என் தம்பி சேத்துல கெடந்தப்ப அவ புருசன் என்ன செஞ்சான்? கல்லு கெடந்தா ஒடிக்கிற மாதிரி ஒடிச்சு ஓட்டிக்கிட்டுப் போனான். எறங்குனானா?”

“எறங்குனா வேலை போயிரும்லா.”

“போகட்டுமே. இன்னொரு தோட்டத்துல கெடைக்காத வேலையா?” அவள் குரலை உயர்த்தவில்லை. அடுப்பு விறகைப் பின்னால் இழுத்து, கொள்ளியைச் சாம்பலில் குத்தி அணைத்தாள். “நானும்தான் எறங்கல. நான் மூணாவது வரிசையில நின்னேன். அவன் விழுந்ததப் பாத்தேன். அடுத்த காலு எடுத்து வச்சேன், கங்காணி கண்ணக் காட்டுனான். வச்ச காலை எடுத்துட்டேன். எவ்வளவு நேரம் தெரியுமா? கார் வந்து நின்னு, தொரை கேட்டு, கங்காணி சொல்லி, தொரை மழையப் பாத்து, வீட்டுக்குப் போங்கன்னு கையக் காட்டுற வரைக்கும். கூடப் பொறந்தவ நின்னேன். அதுக்குத்தான் சொல்றேன். சொல்லாதீங்க.”

சன்னாசி தட்டிலிருந்த கிழங்கைத் தின்று முடித்தான். பிறகு, சரி, சொல்லவில்லை என்றான்.

அவள் அன்று படுத்ததும் தூங்கிவிட்டாள். அவன் தூங்கவில்லை. துரை செத்தால் அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. பத்துமலை மூச்சுக்குத் தவித்தபோது அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவன் இவன்தான். மச்சான், ஜன்னலைத் திறங்க, ஜன்னலைத் திறங்க என்று அவன் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னது காதிலேயே இருந்தது. துரையும் அப்படிக் கேட்க வேண்டும் என்று இவனுக்கும் ஆசைதான். ஆனால் கண்ணை மூடினால் முன் இருக்கையில் சீனியின் பிடரிதான் வந்தது.

ஸ்டோர் எஞ்சினைச் சூடேற்ற அவன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போகிறவன். கார்க் கொட்டகை ஸ்டோரை ஒட்டியே இருந்தது. போகிற வழியில் ஒட்டுப்பால் கூடையில் கைவிட்டான். மரத்து வெட்டுவாயில் உறைந்து, மறுநாள் உரித்து எடுக்கிற ரப்பர் நார் அது. தோட்டத்தில் ஒழுகுகிற எதற்கும் அதைத்தான் அடைப்பார்கள்; வாளி ஓட்டைக்கு, கூரை ஓட்டைக்கு, குழாய் மூட்டுக்கு, பிள்ளைகளின் பந்துக்கு. ஒரு கைநிறைய எடுத்துப் போய்க் காரின் மூடியைத் திறந்து, தகரக் கூட்டுக்குள், புகைக்குழாயின்மேல் சுற்றித் திணித்தான்.

ரப்பர் எரிந்தால் என்ன நாற்றம் அடிக்கும் என்று தோட்டத்தில் நாய்க்குக்கூடத் தெரியும். அந்த நாற்றத்தில் உள்ளே எவனும் தூங்க முடியாது. சீனி பிழைப்பான். துரையும் பிழைப்பார், ஆனால் மழையில் இறங்கி நின்று இருமுவார். கேட்டால், கூலிக்காரன் கசிவை ரப்பரால் அடைத்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். முட்டாள் என்பார்கள். இருக்கட்டும். நல்லம்மாளுக்குப் பாதியாவது ஆறும் என்று அவன் கணக்குப் போட்டான்.

பெரட்டில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கார் வந்து வழக்கமான இடத்தில் நின்றது. திரைகள் மூடியிருந்தன. எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கிராணி பேர் கூப்பிட்டு முடித்தார். கார் நகரவில்லை. பாலத்துக்குப் போகவில்லை. துரைக்கு உள்ளே சுகமாக இருக்கிறது என்று வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். நல்லம்மாள் மூன்றாவது வரிசையில் நின்று அந்தத் திரையையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தபோதும் துடைக்கவில்லை. திரைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வராத ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு நல்ல நிமிஷமாக இருந்தது.

முதலில் நாற்றம் வந்தது. வரிசை முழுவதும் மூக்கைச் சுளித்தது. கரிந்த ரப்பர். அப்புறம் திரை இடுக்குகளில் கறும்புகை கசிந்தது. உள்ளே யாரோ கதவை உதைத்தார்கள். சீனி முன்பக்கமாக உருண்டு விழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து பின்கதவைத் திறந்தான். துரை கவிழ்ந்து சேற்றில் விழுந்தார். வெள்ளை உடுப்பெல்லாம் கரி. முட்டிபோட்டு வாந்தியெடுத்தார். மழை முதுகில் விழுந்ததும் அவருக்கு நடுக்கம் கண்டது. கையை ஊன்றி எழப் பார்த்தார், கை வழுக்கியது.

கங்காணி இராமசாமி குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கூரையின்கீழ் நின்ற கிராணி, “ஆராவது பிடியுங்கோ, வந்து பிடியுங்கோ,” என்று வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. துரை இன்னும் கையைக் காட்டவில்லையே. சாக்கு முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அத்தனை பேரும் நேராக நின்றார்கள். வயதான ஒரு பால்வெட்டுக்காரர் மட்டும் ஒரு அடி எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்றவன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினான்.

நல்லம்மாள் பேசினாள். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

“நடிப்பு கங்காணி. காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. எந்திரிச்சு நிக்கச் சொல்லு.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது ஒரு தும்மல்போல வந்தது. அடுத்தவள் வாயைப் பொத்தினாள், பொத்திய கைக்குள்ளிருந்தே சிரிப்பு பீறிட்டது. பிறகு வரிசைக்கு வரிசை தாவியது. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே தெரியும். சேற்றில் உட்கார்ந்தபடி தலையைத் தூக்கி நல்லம்மாளைத் தேடிப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

மழை ஓய்வதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. துரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் உள்ளறையில் இருந்தார். கிராணிதான் வெளியே வந்து சன்னாசியிடம் கேட்டார். நல்லம்மாள் வாசல் தூணருகில் நின்றாள்.

“நேத்து நீ சரிவந்திட்டுது எண்டு சொன்னனி.”

“ஒரு எடத்துல கசிவு இருந்துச்சுங்க. காலம்பற ஒட்டுப்பால வச்சு அடைச்சேன். தோட்டத்துல எல்லாத்தையும் அதுலதானுங்களே அடைப்போம்.”

கிராணி அவனையே பார்த்தார். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவன் நெருப்பாய்க் கொதிக்கிற குழாயில் ரப்பரைச் சுற்றுவானா என்ற கேள்வி அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் உள்ளே போய் இங்கிலீஷில் என்னவோ சொன்னார், துரை ஒரே ஒரு சொல்லைக் கத்தினார். வெளியே வந்து, முட்டாள் என்று சொல்லுகிறார், அதோடு விட்டார் என்று சந்தோஷப்படு, உன் மனுசி பேசின பேச்சுக்கு ரெண்டு பேருக்கும் பேர் வெட்டு, மத்தியானத்துக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

சன்னாசி படியிறங்கப் போனான். இறங்காமல் நின்றான். துரை பட்டறைக்கு அனுப்பி ரப்பரைச் சுரண்டச் சொல்வார். சுரண்டிய பிறகு மறுபடி அதே காரில் சீனி உட்காருவான்.

“அய்யா. பொகைக்கொழாயில ஒரு வளையம் கருகிப்போச்சு. பினாங்குலேருந்து வரணுமாம். வந்து மாட்டுற வரைக்கும் சூட்டுக் கொழாயைத் தொறக்க வேணாம்னு சொல்லிருங்க. தொறந்தா உள்ள இருக்குறவங்க தூங்கியே செத்துருவாங்களாம்.”

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். “இது உனக்கு எப்ப தெரியும்?”

சன்னாசி படியிறங்கினான். தூணருகில் நின்ற நல்லம்மாள் திரும்பி லயத்தைப் பார்க்க நடந்துவிட்டாள்.

லயத்தில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பேர் வெட்டு என்று கேட்டும் லயத்துச் சனத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. துரை முட்டிபோட்டதை ஒருவன் போட்டுக் காட்டினான். கங்காணி குடையோடு ஓடியதை இன்னொருத்தி ஓடிக் காட்டினாள். வெச்சாண்டா சன்னாசி, தோட்டத்து ரப்பரையே வெச்சாண்டா என்று முதுகில் தட்டினார்கள். வீரம்மா கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, ஒரு பொட்டலம் சோறும் வறுத்த மீனும் கொடுத்தாள். சீனிக்கு இன்னும் இருமல் நிற்கவில்லையாம். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறானாம். நல்லம்மாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். சட்டி பானைகளைச் சேலையில் போட்டு மூட்டை கட்டினாள். பத்துமலையின் ஒரே வேட்டியைக் கடைசியாக மடித்து நடுவில் வைத்தாள்.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் எடுப்பதாகப் பேச்சு. இருவரும் செம்மண் சாலைக்கு வந்தார்கள். ஈயக் குட்டை ஓரமாக, நீர் ஓடும் கால்வாய் அருகில் மூட்டை நனைந்து முடிச்சு நெகிழ்ந்தது. நல்லம்மாள் அதை இறக்கி வைத்து, முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்:

“எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிக்கத்தான் போனேன். அப்பத்தான் கிராணிகிட்ட நீ பேசுனது காதுல விழுந்துச்சு.”

அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“சீனி உள்ள இருந்தானே,” என்றான்.

“அதான் நாறுறதாப் பாத்து வச்சே. வெளிய வரட்டும்னு வச்சே.”

“ஆமா.”

“நேத்து ராத்திரி எங்கிட்ட சரின்னே.”

“சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். சாகவிடுவேன்னு சொல்லல.”

அவள் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். “தொரை இந்நேரம் சுடுதண்ணியில குளிச்சிருப்பான். சீனி படுத்துக்கிட்டுச் சிரிக்கிறான். கங்காணி காலையில பெரட்டுக்குப் போவான். நீயும் நல்லவன்னு பேரெடுத்துட்டே. எல்லாரும் பொழச்சீங்க. பொழைக்காதது என் தம்பி ஒருத்தன்.”

“நான் என்ன செஞ்சிருக்கணும், நல்லம்மா?”

“ஒண்ணும் செய்யாம இருந்திருக்கணும். அன்னிக்கு எல்லாரும் இருந்தமே, அது மாதிரி.”

மழை நின்றிருந்தது. கால்வாயில் சீனப் பெண்கள் சிலர் முழங்கால் ஆழத்தில் நின்று, மரத் தட்டுகளை ஆட்டி ஈயமண் அலசிக்கொண்டிருந்தார்கள். சன்னாசி தன் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். தலைச்சுமையை இன்னொரு ஆள் ஒரு கை தூக்கிவிடாமல் ஏற்ற முடியாது. கப்பலடியிலிருந்து தோட்டத்துக்கு வந்த நாள் முதல் அவள் சுமைக்கு அந்தக் கை அவன் கைதான். நல்லம்மாள் மூட்டையின்மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் கையை எடுத்துக்கொள்ளும் வரை முழங்காலை எடுக்கவில்லை.

பிறகு கால்வாயைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நீலத் துணி சுற்றிய தொப்பி போட்டிருந்த ஒரு சீனத்தி நிமிர்ந்து பார்த்தாள். நல்லம்மாள் மூட்டையைக் காட்டித் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் தட்டைக் கரையில் வைத்துவிட்டு ஏறி வந்தாள். பக்கத்தில் இரண்டு கையும் சும்மா தொங்க ஒரு ஆண்பிள்ளை நிற்பதைப் பார்த்தாள், நல்லம்மாளின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இருவருமாகப் பிடித்துத் தூக்கினார்கள். சேற்றுக் கையின் அடையாளம் மூட்டையில் பதிந்தது. நல்லம்மாள் கழுத்தை இப்படியும் அப்படியும் அசைத்துச் சுமையை உட்காரவைத்துக்கொண்டு, சிம்பாங் பூலாய்ச் சாலையில் நடக்கத் தொடங்கினாள்.

சீனத்தி தன் மொழியில் அவனைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். சன்னாசி பெட்டியை முக்கி முனகித் தானே தோளில் ஏற்றிக்கொண்டு, அவள் போன பக்கமாகப் பின்னால் நடந்தான்.